வீட்டுக் கணினிக்கும் இணையத்துக்கும் நடுவே என்னென்ன இருக்கிறது? பாளையங்கோட்டை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடு. கீழே ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும். மாடியில் மருமகள், மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். மகன் மஸ்கட்டில். பழைய டெலிபோன் லைன் பிராட்பேண்டை விட்டுவிட்டு 200 எம்பிபிஎஸ் ஃபைபருக்கு மாறிய நாளிலிருந்து மூன்று தொல்லைகள். மாடியில் நெட் திடீரென்று சாகும், சற்று நேரத்தில் தானாகவே பிழைத்துக்கொள்ளும். கீழே உள்ள லேப்டாப்புக்கு மாடியில் இருக்கும் பிரிண்டர் கண்ணில் படாது. மஸ்கட்டிலிருந்து சிசிடிவி பார்க்க முடியாது.

"லைன்காரங்க வந்து மோடத்தையே மாத்திட்டாங்க தம்பி. வயரை வெட்டி ஒட்டியும் பாத்தாச்சு. மேல நெட் நிக்கவே மாட்டேங்கு" என்றார் சார். இணைப்புக் கொடுத்த நிறுவனம் மாடியில் இருக்கும் வைஃபை ரூட்டர்தான் கோளாறு என்றது. ரூட்டர் விற்ற கடைக்காரர் லைன்தான் கோளாறு என்றார். இரண்டு பேருமே நடுவில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. வீட்டு நெட்வொர்க் வேலையில் நான் பார்த்தவரை, பாதித் தகராறுக்கு மேல் இந்த ஒரு காரணத்தால்தான் இழுத்துக்கொண்டே போகிறது. கணினியிலிருந்து தெருக்கம்பம் வரை இருக்கும் ஒவ்வொரு பெட்டியையும் முதலில் தாளில் வரைய வேண்டும். யார் மீது பழி என்பது அதற்கு அப்புறம்தான்.

முதல் வரைபடம்

தொடங்க வேண்டிய இடம் டிரேஸ்ரூட், அதாவது தகவல் போகும் வழியில் உள்ள ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் கருவி. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன் 1980களின் பிற்பகுதியில் எழுதியது. இன்றைக்கும் பெரும்பாலான கணினிகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அது வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் அதன் பதிலை எவ்வளவு நம்பலாம் என்பது புரியும்.

இணையத்தில் தகவல் போகும் சிறு பொட்டலத்துக்குப் பாக்கெட் என்று பெயர்; ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு, அதிகபட்சம் 255. வழியில் ஒவ்வொரு ரூட்டரும் அதிலிருந்து ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானதும் அந்த ரூட்டர் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'ஆயுள் முடிந்தது' என்று அனுப்பியவருக்கு ஒரு செய்தி விடும். பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. ஜேக்கப்சன் அதையே துப்பறியப் பயன்படுத்தினார். டிடிஎல் 1 என்று அனுப்பினால் முதல் ரூட்டர் பதில் சொல்லும், 2 என்றால் இரண்டாவது. இப்படியே கடைசி வரை.

மாடிக் கணினியிலிருந்து 8.8.8.8 என்ற கூகுளின் பெயர்த்தேடல் (தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைச் சொல்லும் சேவை) முகவரிக்கு ஓட்டியபோது கிடைத்தது இது (மி.வி. என்பது பதில் வந்துசேர ஆன மில்லிவிநாடி):

1. 192.168.0.1 – 1 மி.வி.
2. 192.168.1.1 – 2 மி.வி.
3. 10.45.0.1 – 6 மி.வி.
4. * * *
5. ஒரு பொது முகவரி. அதன் பெயரில் சென்னை விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறி – 17 மி.வி.
6. கூகுளின் ரூட்டர் – 17 மி.வி.
7. 8.8.8.8 – 18 மி.வி.

முதல் இரண்டு வரியிலேயே ஒரு செய்தி இருக்கிறது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் 1994இல் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் என்று ஒதுக்கிவைக்கப்பட்டவை. அப்படி இரண்டு அடுத்தடுத்து வந்தால் வீட்டுக்குள்ளேயே இரண்டு ரூட்டர்கள் வரிசையாக நிற்கின்றன என்று பொருள். ஒன்று மாடியில் மருமகள் வாங்கி வைத்தது. மற்றது கீழே ஹாலில் நிறுவனம் மாட்டிய ஃபைபர் மோடம், அதாவது ஓஎன்டி.

பிரிண்டர் புதிர் இங்கேயே அவிழ்ந்தது. பிரிண்டர் இருப்பது மாடி ரூட்டரின் 192.168.0 வலையில். கீழே உள்ள லேப்டாப் ஓஎன்டியின் வைஃபையில், 192.168.1 வலையில் இருக்கிறது. 'பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா' என்று லேப்டாப் கூவும் குரல் ஒரு ரூட்டரைத் தாண்டி அடுத்த வலைக்குப் போகாது. பிரிண்டரிலும் பழுதில்லை, டிரைவரிலும் பழுதில்லை.

நான்காம் வரியில் இருக்கும் மூன்று நட்சத்திரங்களைப் பார்த்ததும் பலருக்கும் அங்கேதான் அறுந்துவிட்டது என்று தோன்றும். அப்படி இல்லை. அந்த ரூட்டர் பாக்கெட்டைக் கடத்திவிடுகிறது, இந்த மாதிரி விசாரணைக்குப் பதில் சொல்ல மட்டும் அதற்கு அனுமதியில்லை. அதற்குப் பின்னால் இருப்பவை ஒழுங்காகப் பதில் சொல்லும்போது நடுவில் வரும் நட்சத்திரத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது. நடுவில் ஒரு வரி மட்டும் 80 மி.வி. காட்டி அடுத்த வரி 17க்குத் திரும்பினாலும் இதே கதைதான். பெரிய ரூட்டர்களுக்குப் பாக்கெட்டைக் கடத்துவது முதல் வேலை, பதில் எழுதுவது கடைசி வேலை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் எத்தனை நிறுவனங்களோடு சண்டை போட்டிருக்கிறார்கள்!

ஐந்தாம் வரியின் 17 மி.வி. நியாயமானதா? கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். ஆகவே ஒரு மில்லிவிநாடியில் போய்த் திரும்பக்கூடிய தூரம் 100 கி.மீ. சென்னை இங்கிருந்து சுமார் 600 கி.மீ.; கேபிள் நேர்கோட்டில் போனாலும் 6 மி.வி. தேவை. வளைந்து நெளிந்து போகும் பாதையும் வழியில் உள்ள ரூட்டர்களும் மீதியை எடுத்துக்கொள்கின்றன. 17 என்பது நல்ல எண்தான். லைனில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டிரேஸ்ரூட்டில் வராதவை

இந்தப் பட்டியலில் வருவது எல்லாம் ஐபி முகவரி வைத்துக்கொண்டு டிடிஎல் கழிக்கும் ரூட்டர்கள் மட்டுமே. ஒரே வலையில் பல வயர்களை இணைக்கும் ஸ்விட்ச் வராது. பிரிட்ஜ் நிலையில், அதாவது ரூட்டர் வேலை செய்யாமல் கடத்த மட்டும் வைத்த மோடம் வராது. ஹாலில் உள்ள ஓஎன்டிக்கும் மூன்றாம் வரியில் உள்ள 10.45.0.1க்கும் நடுவில் கம்பத்துப் பெட்டியில் ஒரு ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. மின்சாரமே இல்லாமல் ஒரு ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கண்ணாடித் துண்டு அது. அதற்கும் அப்பால் நிறுவனத்தின் அறையில் அந்த ஒளியை அனுப்பும் ஓஎல்டி இருக்கிறது. இரண்டுமே எந்த வரியிலும் தெரியாது.

அவற்றின் நலத்தை அறிய வேறு வழி பிடிக்க வேண்டும். ஓஎன்டியின் நிலைப் பக்கத்தில் வந்துசேரும் ஒளியின் அளவு இருக்கும். இந்த வீட்டில் மைனஸ் 19 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு). மைனஸ் 27, 28 வரை ஓஎன்டி தாங்கும் என்பதால் இது தாராளமான அளவு. நெட் போன நேரத்திலும் இதே எண்தான் இருந்தது, சிவப்பு விளக்கும் எரியவில்லை. அப்படியென்றால் ஓஎன்டியை மாற்றியதற்கும் வயரை வெட்டி ஒட்டியதற்கும் எந்தத் தேவையும் இருந்திருக்கவில்லை.

லைனில் பிபிபிஓஇ என்ற உறை (கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் இணைப்பு முறை) இருக்கிறதா என்பதையும் வெளியே கேட்காமலே கண்டுபிடிக்கலாம். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் அளவில் பிங் (பதில் கேட்டு அனுப்பும் சோதனைப் பாக்கெட்) அனுப்பினேன், போகவில்லை. 1464 போனது. பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் முகவரிச் சீட்டுகளான தலைப்புகளுக்கு உரிய 28ஐச் சேர்த்தால் 1492. பிபிபிஓஇ தனக்கென எடுத்துக்கொள்ளும் 8 பைட் போக, வழக்கமான உச்ச அளவான 1500இல் மிஞ்சுவது அதுதான். ஆக, ஓஎன்டிதான் நிறுவனத்தின் கணக்கில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைகிறது.

94 என்ற எண்

மாடியில் வேகச் சோதனை எப்போது போட்டாலும் 94 எம்பிபிஎஸ். கீழே ஓஎன்டியின் வைஃபையில் அதே போன் 190க்குக் குறையவில்லை. வைஃபை பலவீனத்தால் வரும் வேகம் ஏறும், இறங்கும். 60, 110, 85 என்று ஆடும். 94இல் ஆணியடித்தது போல நிற்காது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் தலைப்புகள் எல்லாம் போக மிஞ்சும் உண்மையான வேகம் சுமார் 94, 95. இந்த எண் வந்தால் வழியில் ஏதோ ஒரு இடத்தில் 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது, அல்லது லேன் வயரின் எட்டு இழைகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது.

மாடி ரூட்டரும் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), ஓஎன்டியும் ஜிகாபிட். அப்படியானால் நடுவில் இருப்பது என்ன? "நடுவுல ஒண்ணும் இல்ல தம்பி, நேரா வயர்தான் போவுது" என்றார் சார்.

நெட் சாகும் நேரத்தைப் பிடிப்பதற்காக மாடிக் கணினியில் மூன்று சன்னல்களைத் திறந்து பிங் ஓடவிட்டேன்: 192.168.0.1, 192.168.1.1, 8.8.8.8. சாகும்போது முதல் இரண்டும் துளிக்கூடப் பிசகாமல் பதில் தந்தன. மூன்றாவது மட்டும் நின்றது. இதைப் பார்க்கும் எவரும் 'வீட்டுக்குள் எல்லாம் சரி, கோளாறு வெளியே' என்றுதான் சொல்வார்கள். நிறுவனத்திடம் புகார் போய்க்கொண்டே இருந்ததும் இதனால்தான்.

ஆனால் இரண்டாம் சன்னலில் ஒரு வித்தியாசம். நெட் இருக்கும்போது 192.168.1.1 தரும் பதிலில் டிடிஎல் 63. நெட் சாகும்போது அதே முகவரியின் பதிலில் டிடிஎல் 254. பதில் அனுப்பும் சாதனம் தன் இயங்குதளத்தின் வழக்கப்படி 64, 128, 255 என்ற எண்களில் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். நடுவில் மாடி ரூட்டர் ஒன்றைக் கழிக்கிறது. 64இலிருந்து தொடங்கும் பெட்டி திடீரென்று 255இலிருந்து தொடங்காது. அந்த நேரத்தில் ஓட்டிய டிரேஸ்ரூட் இரண்டாம் வரியிலேயே நின்றது: '192.168.1.1 சொல்கிறது: சேருமிட வலையை அடைய முடியவில்லை.'

ஒரே முகவரியில் இரண்டு பெட்டிகள்.

பரணில் இருந்தது

இதை உறுதிப்படுத்த மாடிக் கணினி உதவாது. மாடி ரூட்டருக்குப் பின்னால் இருப்பதால் அதன் கண்ணுக்கு அந்த ரூட்டரின் மேக் முகவரி (நெட்வொர்க் சாதனத்தின் வன்பொருள் எண்) மட்டுமே தெரியும். ஆகவே ஒரு லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய் ஓஎன்டியின் லேன் போர்ட்டில் நேராகச் செருகினேன்.

ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறைக்கு ஏஆர்பி என்று பெயர், 1982இல் வகுக்கப்பட்டது. '192.168.1.1 யார்?' என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேள்வி போகும், உரியவர் பதில் சொல்வார். இரண்டு பேர் சொன்னால் தடுக்க அதில் எந்தக் காவலும் இல்லை. எந்தப் பதில் நிலைக்கும் என்பது கேட்கும் சாதனத்தையும் பதில் வந்த வரிசையையும் பொறுத்தது. விண்டோஸ் அந்தப் பதிலைப் பொதுவாக 15 முதல் 45 விநாடி வரை நம்பும், பிறகு மறுபடி சரிபார்க்கும். ரூட்டர்கள் வேறு கணக்கு வைத்திருக்கும். மாடி ரூட்டர் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சீட்டு மாறி விழலாம். தவறான பெட்டி விழுந்தால் நெட் சாகும், அடுத்த முறை சரியானது விழுந்தால் பிழைக்கும். தானாகவே சரியானதன் ரகசியம் இதுதான்.

ஏஆர்பி பட்டியலை அழித்துவிட்டு மறுபடி பிங் செய்து பார்த்தேன். திரும்பத் திரும்பச் செய்ததில் 192.168.1.1க்கு நேராக வேறொரு மேக் வந்து நின்றது. மேக் முகவரியின் ஆறு ஜோடிகளில் முதல் மூன்று தயாரிப்பாளரைக் குறிக்கும். ஒன்று ஓஎன்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டோடு பொருந்தியது. மற்றதன் தயாரிப்பாளர் பழைய டெலிபோன் லைன் மோடங்கள் செய்த வேறொரு நிறுவனம்.

ஹாலிலிருந்து போகும் லேன் வயரைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தேன். மாடிப்படிக்கு மேல் பரணில், சிசிடிவியின் பதிவுப் பெட்டியான டிவிஆருக்குப் பின்னால், தூசி மூடிய பழைய மோடம். பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அதன் நான்கு லேன் போர்ட்டுகளில் ஒன்றில் ஹாலிலிருந்து வந்த வயர், இன்னொன்றில் டிவிஆர், மூன்றாவதில் மாடி ரூட்டருக்குப் போகும் வயர்.

அது அங்கே இருந்ததற்கு நல்ல காரணம் உண்டு. அந்தக் காலத்து டெலிபோன் லைன் மாடிப்படி ஜன்னல் வழியாக வந்ததால் மோடமும் பரணில்தான் வைக்கப்பட்டது. டிவிஆர் வந்தபோது அதன் பக்கத்திலேயே அமர்ந்தது. ஃபைபர் முன்வாசல் வழியாக வந்தது. வந்தவர் ஹாலில் ஓஎன்டியை மாட்டி, பரணில் இருக்கும் பெட்டிக்கு ஒரு வயர் இழுத்தார். மாடியும் டிவிஆரும் உடனே இயங்கின. மோடத்தின் முகவரி 192.168.1.1. புதிய ஓஎன்டியின் தொழிற்சாலை முகவரியும் 192.168.1.1. மோடம் முகவரி வழங்கும் வேலையையும் நிறுத்தவில்லை. கணினியின் விவரப் பக்கத்தில் 'டிஹெச்சிபி சர்வர் (முகவரி வழங்குபவர்) யார்' என்று பார்த்தாலும் இதனால் பயனில்லை. இரண்டுக்கும் ஒரே எண்.

கடைசிச் சோதனை எளிது. ஹாலிலிருந்து வரும் வயரைப் பரணில் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை மோடத்தில் செருகினேன். ஓஎன்டியோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிலையிலும் 192.168.1.1 பதில் சொன்னது, லேப்டாப்புக்கு ஒரு முகவரியும் கொடுத்தது. அதன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ். 94க்கும் விடை கிடைத்துவிட்டது. மோடத்தை எடுத்துவிட்டு ஐந்து போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் வைத்ததும் மாடியிலும் 190 தாண்டியது.

மஸ்கட்டும் சிசிடிவியும்

இது தனிக் கோளாறு. சிசிடிவிக்காரர் முந்தைய இணைப்பில் போர்ட் (வயர் செருகும் இடம் அல்ல, வெளியிலிருந்து டிவிஆருக்கு வரும் இணைய வாசல்) திறந்து வைத்ததைப் போலவே ஓஎன்டியிலும் திறந்திருந்தார். பயனில்லை. ஓஎன்டியின் நிலைப் பக்கத்தில் வெளிப்பக்க முகவரி 100.81 என்று தொடங்கியது. வெளியே உள்ள தளம் ஒன்றில் 'என் முகவரி என்ன' என்று கேட்டால் முற்றிலும் வேறொரு எண். 100.64 முதல் 100.127 வரையிலான சுமார் 41.94 லட்சம் முகவரிகள் 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை: நிறுவனமே தன் பக்கத்தில் ஒரு பெரிய நாட் (முகவரி மாற்றி) வைத்து, பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் நிறுத்துவதற்கு. பழைய முகவரி முறையான ஐபிவி4இல் மொத்தமே 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. சிஜிநாட் என்ற இந்த ஏற்பாடு வந்தது அந்தப் பற்றாக்குறையால்தான். வெளியிலிருந்து வரும் அழைப்பு அந்த நாட்டோடு நின்றுவிடும், ஓஎன்டி வரை வராது.

டிரேஸ்ரூட்டில் மூன்றாம் வரி 10.45 என்று வந்ததை மட்டும் வைத்து சிஜிநாட் என்று முடிவுகட்டக் கூடாது. சில நிறுவனங்கள் தங்கள் ரூட்டர்களுக்கு உள்முகவரி வைத்துக்கொண்டே வாடிக்கையாளருக்குப் பொது முகவரி தருவதுண்டு. ஓஎன்டியில் தெரியும் வெளிமுகவரியும் வெளியிலிருந்து தெரியும் முகவரியும் ஒன்றா என்ற ஒப்பீடுதான் தீர்ப்பு.

கூடுதல் கட்டணத்துக்கு நிலையான பொது முகவரி கிடைத்தது. ஆனால் டிவிஆரின் போர்ட்டை நேரே இணையத்துக்குத் திறப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த 60க்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் ஜோடிகளை முயன்று பார்த்தே லட்சக்கணக்கான டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்தது. அந்தப் படையை வைத்து அதே ஆண்டு அக்டோபர் 21இல் டைன் என்ற பெயர்த்தேடல் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. வயதான இருவர் இருக்கும் வீட்டின் வாசலையும் ஹாலையும் காட்டும் கேமராவை அந்த ஆபத்தில் வைக்க மனம் வராது.

ஆகவே ஓஎன்டியை நிறுவனத்திடம் சொல்லி பிரிட்ஜ் நிலைக்கு மாற்றினோம். மாடியில் இருந்த ரூட்டர் ஹாலுக்கு இறங்கி பிபிபிஓஇ வேலையை எடுத்துக்கொண்டது. மாடிக்கு, முகவரி வழங்காமல் வைஃபை மட்டும் தரும் ஒரு ஆக்சஸ் பாயிண்ட். அந்த ரூட்டரிலேயே வயர்கார்ட் (வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் வரப் பூட்டிய பாதை போடும் விபிஎன்) இருந்ததால், மகன் போனில் அதை இயக்கினால் வீட்டு வலைக்குள் வந்துவிடுவார், டிவிஆரை உள்முகவரியிலேயே பார்ப்பார். வெளியே திறந்திருப்பது வயர்கார்டின் ஒரு போர்ட் மட்டும். சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது. டிவிஆரின் பழைய கடவுச்சொல்லையும் மாற்றியாயிற்று. பிரிண்டரும் லேப்டாப்பும் இப்போது ஒரே வலையில்.

பிறகு வீட்டில் என்னென்ன சாதனங்கள் இணைந்திருக்கின்றன என்று சாரைப் பக்கத்தில் உட்கார வைத்து ரூட்டரின் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். தயாரிப்பாளர் தெரியாத சில மேக் முகவரிகள் இருந்தன, அவர் கவலைப்பட்டார். அவற்றில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது சாதனம் தானே உருவாக்கிக்கொண்ட முகவரி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தனியுரிமைக்காக இப்படித்தான் செய்கின்றன. ஒவ்வொரு போனின் வைஃபையையும் அணைத்துப் பார்த்து எது யாருடையது என்று பெயர் எழுதினோம். மிஞ்சியது ஒன்று, அது மாடி டிவி.

மாடிக் கணினியிலிருந்து இப்போது டிரேஸ்ரூட் ஓட்டினால் முதல் வரி 192.168.0.1, இரண்டாம் வரியே நிறுவனத்தின் ரூட்டர். ஸ்விட்ச், ஆக்சஸ் பாயிண்ட், ஓஎன்டி மூன்றும் வழியில் இருந்தும் பட்டியலில் இல்லை. அதனால் அவற்றின் இடம், மேக் முகவரி, எந்தப் போர்ட்டிலிருந்து எந்த வயர் எங்கே போகிறது என்பதைத் தாளில் வரைந்து ரூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மைனஸ் 19 என்ற ஒளி அளவும் அதில் உண்டு. அடுத்த முறை நெட் போனால் ஒப்பிட்டுப் பார்க்க.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. இந்த இணைப்பில் புதிய முகவரி முறையான ஐபிவி6உம் வருகிறது. அதில் நாட் கிடையாது. வீட்டில் அதை ஆதரிக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் உலகம் முழுவதும் செல்லும் முகவரி கிடைக்கும். வெளியிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் காவலை முன்பு ஓஎன்டி பார்த்துக்கொண்டது. பிரிட்ஜ் ஆன பிறகு அது நம் ரூட்டரின் பொறுப்பு. அதன் அமைப்பில் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, என் போனின் மொபைல் டேட்டாவிலிருந்து மாடிக் கணினியின் ஐபிவி6 முகவரிக்கு இணைப்பு முயன்றேன். ரூட்டர் தடுத்தது.